"கண்ணு, வண்டி ஒசரம் எவ்வளவு?" - ஸ்பிரிங்டேல் ஆற்றங்கரையில் ஆர்.வி-யை நிறுத்தும் முன்..!

படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும். ஹோட்டல் தேட வேண்டாம். பசித்தால் ஓரமாக நிறுத்திச் சோறு பொங்கிக்கொள்ளலாம். அமெரிக்காவில் 'ஆர்.வி' என்று சொல்லப்படும் ஓடும் வீடு இதுதான். ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை இப்படி ஒரு வண்டியில் ஏற்றி நாலு இடம் சுற்றிக்காட்ட வேண்டும் என்பது அங்கே வேலை பார்க்கும் பல பிள்ளைகளின் ஆசை.

அப்படி ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். மகனுக்கு சான் ஹோசேயில் வேலை. மருமகள், எட்டு வயது பேத்தி. நாமக்கல்லிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருக்கும் அப்பா, அம்மா. அப்பா அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பல வருடம் பஸ் ஏற்றி இறக்கியவர்.

மகன் மொபைலில் திட்டத்தைக் காட்டுகிறான். விமானத்தில் லாஸ் வேகாஸ். அங்கே 30 அடி நீள ஆர்.வி வாடகைக்கு. யூட்டா மாநிலத்தில் ஸ்பிரிங்டேல் என்ற சின்ன ஊரில், ஆற்றங்கரையில் மூன்று இரவு. பிறகு மலைச் சுரங்கம் வழியாக பிரைஸ் கேன்யன். ஜூலை மாதம், பேத்திக்குப் பள்ளி விடுமுறை. எல்லாம் பக்கா!

அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறார்.

"ஏங்கண்ணு, வண்டி ஒசரம் எவ்வளவு, அகலம் எவ்வளவுன்னு கேட்டியா?"

மகன் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியில் திட்டமே மாறிப்போகிறது. எப்படி என்று பார்க்கலாம்.

ஆறு செதுக்கிய ஊர்

சயன் தேசியப் பூங்காவின் தெற்கு வாசலில் இருக்கிறது ஸ்பிரிங்டேல். நிரந்தரமாக வசிப்பவர்கள் 500-க்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனால், பூங்காவுக்கு 2021-ல் மட்டும் 50 லட்சம் பேருக்கு மேல் வந்திருக்கிறார்கள். அதில் பெரும் பகுதி இந்த ஊரின் ஒரே பிரதான சாலை வழியாகத்தான் போகிறது. இரண்டு பக்கமும் செங்குத்தான சிவப்புப் பாறைச் சுவர்கள். நடுவில் வர்ஜின் நதி. நதியை ஒட்டிச் சாலை. சாலையை ஒட்டி ஊர். இதுதான் மொத்த வரைபடமும்.

பார்க்க ஓடைபோலத்தான் இருக்கும். ஆனால், இந்தப் பள்ளத்தாக்கை அறுத்து எடுத்தது இந்த நதிதான். மார்மன் குடியேறிகள் 1862-ல் ஸ்பிரிங்டேலுக்கு வந்தார்கள். அதே ஆண்டின் தொடக்கத்தில் வந்த பெருவெள்ளம், பக்கத்தில் இருந்த கிராஃப்டன் என்ற குடியிருப்பை அடித்துக்கொண்டு போனது. இடம் மாற்றிக் கட்டியும் அந்த ஊர் நிலைக்கவில்லை. இன்று அங்கே ஆள் இல்லாத சில வீடுகளும் ஒரு கல்லறைத் தோட்டமும்தான் மிச்சம். 1969-ல் வெளிவந்த 'புட்ச் காசிடி அண்ட் தி சன்டான்ஸ் கிட்' படத்தின் சைக்கிள் காட்சி எடுக்கப்பட்டது இங்கேதான்.

இந்த ஆற்றை நம்பி முகாம் போடலாம். ஆனால், அலட்சியமாக இருக்க முடியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு அப்பாவின் கேள்விக்கு வரலாம்.

1930-ல் குடைந்த சுரங்கம்

ஸ்பிரிங்டேலிலிருந்து கிழக்கே பிரைஸ் கேன்யன் பக்கம் போக, பூங்காவுக்குள் ஒரு மலைச் சாலை உண்டு. சயன் - மவுன்ட் கார்மல் நெடுஞ்சாலை. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, 1.1 மைல் நீளச் சுரங்கத்துக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேற வேண்டும். 1927-ல் வேலை தொடங்கி, 1930-ல் திறந்த சுரங்கம் இது. அந்தக் காலத்து கார்களின் அளவுக்கு அது தாராளம். இன்றைய ஆர்.வி-க்கு அப்படி இல்லை.

சுரங்கத்தின் மேல்பகுதி வளைவானது. உயரமான வண்டி தன் பக்கத்து லேனில் ஒதுங்கிப் போனால், கூரை இடிக்கும். அதனால் நடுவில்தான் போக வேண்டும். நடுவில் போனால் எதிரே வண்டி வரக் கூடாது. இதற்காகப் பல ஆண்டுகளாக ஓர் ஏற்பாடு இருந்தது. பெரிய வண்டிக்காரர்கள் 15 டாலர் கட்ட வேண்டும். பூங்கா ஊழியர்கள் எதிர்ப்பக்கப் போக்குவரத்தை நிறுத்திவைத்து, அவர்களை ஒருவழிப் பாதையாக விடுவார்கள்.

இப்போது அதற்கும் முற்றுப்புள்ளி. 2026 ஜூன் 7 முதல் பெரிய வண்டிகளுக்கு இந்தச் சாலையிலேயே அனுமதி இல்லை என்று பூங்கா நிர்வாகம் அறிவித்திருக்கிறது. அளவுகள் இவைதான்:

- உயரம்: 11 அடி 4 அங்குலத்துக்கு மேல் கூடாது
- அகலம்: 7 அடி 10 அங்குலத்துக்கு மேல் கூடாது
- நீளம்: 35 அடி 9 அங்குலத்துக்கு மேல் கூடாது
- எடை: 50,000 பவுண்டுக்கு மேல் கூடாது

இதில் ஏதாவது ஒன்று கூடினாலும் சுற்றுப்பாதைதான். மகன் நீளத்தை மட்டும் பார்த்தால், '30 அடிதானே, தப்பித்தோம்' என்று நினைத்துவிடுவான். ஆனால், மாட்டிக்கொள்வது அகலத்தில். டிரைவர் சீட்டுக்கு மேலே படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் 'கிளாஸ் சி' வண்டிகள்தான் குடும்பங்கள் அதிகம் வாடகைக்கு எடுப்பவை. அவற்றின் உடல் அகலமே பெரும்பாலும் 8 அடியைத் தாண்டிவிடும். பக்கக் கண்ணாடியையும், சுருட்டி வைத்திருக்கும் வெயில் மறைப்புத் துணியையும் சேர்த்து அளந்தால் இன்னும் கூடும். கூரையில் ஏ.சி பெட்டி வேறு.

'கிளாஸ் பி' என்ற கேம்பர் வேன் பெரும்பாலும் இந்த அளவுகளுக்குள் அடங்கிவிடும். ஆனால், அது இரண்டு பேருக்கான வண்டி. ஐந்து பேர், அதிலும் இரண்டு பெரியவர்கள் என்றால், ராத்திரி யார் காலை யார் மிதிப்பது என்ற சண்டைதான் நடக்கும்.

ஆக, வாடகை நிறுவனத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'எத்தனை பேர் படுக்கலாம்?' என்பது இல்லை. 'கண்ணாடியோடு சேர்த்து அகலம் எவ்வளவு, ஏ.சி-யோடு சேர்த்து உயரம் எவ்வளவு?' என்பதுதான். பதிலை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, டிரைவரின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவைப்பது நல்லது. பெட்ரோல் பங்க் கூரை முதல் மரக்கிளை வரை, வழி நெடுக அந்த எண் தேவைப்படும்.

மேப் சொல்லும் குறுக்கு வழி

லாஸ் வேகாஸிலிருந்து ஸ்பிரிங்டேல் சுமார் 160 மைல். ஐ-15 நெடுஞ்சாலையில் வந்து, 16-ம் எக்ஸிட்டில் இறங்கி, யூட்டா 9-ம் சாலையைப் பிடித்தால் போதும். மேற்குப் பக்கமிருந்து வரும் இந்தப் பாதையில் சுரங்கம் கிடையாது. எவ்வளவு பெரிய ஆர்.வி-யும் வரலாம். வழியில் அரிசோனா மூலையில் சாலை ஒரு மலை இடுக்குக்குள் வளைந்து வளைந்து போகும். அந்த இடுக்கைச் செதுக்கியதும் இதே வர்ஜின் நதிதான்.

நேரக் கணக்கிலும் ஒரு விஷயம் உண்டு. நெவாடாவிலிருந்து யூட்டாவுக்குள் நுழைந்தால் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். வேகாஸில் காலை 11 மணிக்குக் கிளம்பி மூன்று மணி நேரம் ஓட்டினால், ஸ்பிரிங்டேலில் மணி மூன்று.

பிரச்னை வருவது, பிரைஸ் கேன்யன் அல்லது கிராண்ட் கேன்யன் பக்கமிருந்து வருபவர்களுக்கு. கனாப் ஊரிலிருந்து வந்தால், ஃப்ரெடோனியா வழியாக அரிசோனா 389, பிறகு யூட்டா 59 பிடித்து ஹரிக்கேன் ஊருக்கு வந்து, அங்கிருந்து 9-ம் சாலை. பிரைஸிலிருந்து என்றால், வடக்கே போய் யூட்டா 20 வழியாக ஐ-15-ஐ எட்டி, தெற்கே இறங்கி, 27-ம் எக்ஸிட்டில் யூட்டா 17. தூரம் கூடத்தான் செய்யும். ஆனால், பெரிய வண்டிக்கு இதுதான் வழி.

இங்கேதான் மொபைல் மேப் காலை வாரிவிடும். 59-ம் சாலையிலிருந்து ஸ்பிரிங்டேலுக்குப் பக்கத்தில் இருக்கும் ராக்வில் ஊருக்கு ஸ்மித்சோனியன் பியூட் வழியாக ஒரு மண் சாலை உண்டு. மேப்பில் பார்த்தால் அழகான குறுக்கு வழி! நேரில் பார்த்தால் செங்குத்தான இறக்கம். மழை பெய்தால் சேறு. முடிவில் 1924-ல் கட்டிய, ஒரே ஒரு வண்டி போகும் இரும்புப் பாலம். ஆர்.வி-யோடு அதில் இறங்கினால் திருப்பவும் இடம் இருக்காது. கார் ஓட்டுபவருக்கு மேப் சொல்லும் வழி, ஆர்.வி ஓட்டுபவருக்கானது இல்லை. சாலை எண்களை முன்கூட்டியே காகிதத்தில் எழுதிக்கொள்வது பாதுகாப்பு. வழியில் சிக்னல் போனாலும் அது கைகொடுக்கும்.

எங்கே நிறுத்துவது?

ஸ்பிரிங்டேலில் ஆர்.வி-யை நிறுத்த இரண்டு வகை இடங்கள் உண்டு.

முதலாவது, பூங்காவின் எல்லைக்குள் இருக்கும் வாட்ச்மேன் முகாம். ஆறு பக்கத்தில். தலைக்கு மேலே வாட்ச்மேன் சிகரம். பார்வையாளர் மையத்துக்கு நடந்தே போய்விடலாம். சில பகுதிகளில் மின் இணைப்பு உண்டு. தண்ணீர்க் குழாயும் கழிவுநீர் இணைப்பும் தனித்தனி இடங்களுக்குக் கிடையாது. பொதுக் குழாயில் நிரப்பி, பொது இடத்தில் கழிவைக் கொட்டிக்கொள்ள வேண்டும். குளியலறையும் இல்லை. வண்டிக்குள் குளிக்க வேண்டும், அல்லது ஊருக்குள் போய்க் காசு கொடுத்துக் குளிக்க வேண்டும்.

இதற்கு முன்பதிவு ஆறு மாதம் முன்பே திறக்கும். 'ரெக்ரியேஷன் டாட் கவ்' இணையதளத்தில், தங்கப்போகும் தேதிக்குச் சரியாக ஆறு மாதம் முன்பு காலையிலேயே உட்கார்ந்தால்தான் நல்ல இடம் கிடைக்கும். ஒவ்வோர் இடத்துக்கும் எவ்வளவு நீள வண்டி நிற்கலாம் என்று அதிலேயே போட்டிருக்கும். அதைப் பார்க்காமல் பதிவு செய்தால், இடம் இருந்தும் வண்டி நுழையாது. தேதி தவறவிட்டவர்களும் சோர்ந்துபோக வேண்டாம். யாராவது ரத்து செய்தால் தகவல் அனுப்பும் வசதி அந்தத் தளத்திலேயே இருக்கிறது.

இரண்டாவது, தனியார் முகாம்கள். ஸ்பிரிங்டேலுக்குள்ளேயே ஆற்றங்கரையில் மின்சாரம், தண்ணீர், கழிவு இணைப்பு மூன்றும் சேர்ந்து கிடைக்கிறது. வாடகை கூடுதல். ஆனால், வயதானவர்கள், குழந்தைகள் இருந்தால் அந்தக் கூடுதல் பணத்துக்கு அர்த்தம் உண்டு. மேற்கே சுமார் 20 கி.மீ தள்ளி வர்ஜின் ஊரிலும், ஹரிக்கேன் பக்கமும் இன்னும் இடங்கள் உண்டு. ஆனால், அங்கே தங்கினால் தினமும் காலையில் வீட்டையே கிளப்பிக்கொண்டு பூங்காவுக்கு வர வேண்டியிருக்கும். வந்தாலும் பெரிய வண்டி நிறுத்த பூங்காவில் இடம் மிகக் குறைவு. சீசனில் காலை எட்டு, ஒன்பது மணிக்கே நிரம்பிவிடும். ஊருக்குள் கட்டணப் பார்க்கிங். அதனால், முடிந்தவரை நடந்தோ இலவச பஸ்ஸிலோ பூங்காவை எட்டும் தூரத்தில் நிறுத்துவதே புத்திசாலித்தனம்.

ஏ.சி ஓட வேண்டுமே!

மகனின் திட்டத்தில் இருந்த அடுத்த ஓட்டை, ஜூலை மாதம். கோடையில் இந்தப் பள்ளத்தாக்கில் வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நாமக்கல் வெயிலைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால், வெயிலில் நிற்கும் தகர வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது வேறு கதை.

ஆர்.வி-யின் கூரை ஏ.சி ஓட வேண்டுமானால், வெளி மின் இணைப்பு வேண்டும். அல்லது ஜெனரேட்டர் வேண்டும். வாட்ச்மேன் முகாமில் ஜெனரேட்டர் ஓட்ட அனுமதி இல்லை. மின் இணைப்பு இல்லாத இடத்தைப் பதிவு செய்துவிட்டு, 'ஜெனரேட்டர் இருக்கே, பார்த்துக்கலாம்' என்று நினைத்தால், மதியம் இரண்டு மணிக்கு வண்டிக்குள் யாராலும் இருக்க முடியாது. சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கும் பெரியவர்களுக்கு இது வெறும் அசௌகரியம் இல்லை, ஆபத்து. இன்சுலின் வைத்திருப்பவர்கள் ஃப்ரிட்ஜ் எதில் ஓடுகிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேஸிலும் ஓடும் ஃப்ரிட்ஜ் என்றால் கவலை குறைவு.

சிறந்த மாதங்கள்? ஏப்ரல், மே. அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடிய. வசந்தத்தில் பனி உருகி ஆற்றில் தண்ணீர் அதிகம் வரும். அப்போது ஆற்றுக்குள் நடக்கும் பாதையை மூடிவைத்திருக்கலாம். இலையுதிர் காலத்தில் தண்ணீர் குறைந்து, வெயில் தணிந்து, அக்டோபர் கடைசியில் ஆற்றங்கரை காட்டன்வுட் மரங்கள் மஞ்சளாகும்.

மூன்று தொட்டி, ஒரு தாளிப்பு

ஆர்.வி-யில் மூன்று தொட்டிகள் உண்டு. நல்ல தண்ணீருக்கு ஒன்று. குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒன்று. கழிவறைக்கு ஒன்று. கழிவைக் கொட்டும்போது முதலில் கழிவறைத் தொட்டி, பிறகு குளியல் தண்ணீர்த் தொட்டி. அந்த சோப்புத் தண்ணீரே குழாயையும் அலசிவிடும். இந்த வரிசையை மாற்றினால், அன்றைய காலை உணவு யாருக்கும் இறங்காது!

நம் சமையலுக்கு என்று சில எச்சரிக்கைகள். தாளித்த எண்ணெய், கறிவேப்பிலை, சோற்றுப் பருக்கை, டீத்தூள் எதையும் சிங்க்கில் ஊற்றக் கூடாது. சின்னக் குழாய், சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பேப்பர் டவலால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் பாத்திரம் கழுவ வேண்டும். கேஸ் அடுப்பில் குக்கர் தாராளமாக வைக்கலாம். மிக்ஸி, மின்சார ரைஸ் குக்கர் எல்லாம் மின் இணைப்பு இருந்தால்தான். அரைத்த மாவு, பொடி வகை, புளிக்காய்ச்சல் இருந்தால் மூன்று நாள் ஓடிவிடும். மளிகையை லாஸ் வேகாஸின் இந்தியக் கடைகளிலேயே வாங்கிவிடுவது நல்லது. பால், காய்கறி, டீசல் அல்லது பெட்ரோலை ஹரிக்கேனில் நிரப்பிக்கொள்ளலாம். ஸ்பிரிங்டேலில் கடைகள் உண்டு என்றாலும், சுற்றுலா ஊரின் விலைதான்.

ஓடும்போது எழுந்து டீ போடும் ஆசை வேண்டவே வேண்டாம். வண்டி நகர்ந்தால் எல்லோரும் சீட்டில், பெல்ட்டோடு. பேத்தி படுக்கையில் ஏறி விளையாடுவது வண்டி நின்ற பிறகுதான்.

வண்டி ஓய்வெடுக்கட்டும்

முகாமில் நிறுத்திவிட்டால், மூன்று நாளும் ஆர்.வி-யைத் தொடவே வேண்டியதில்லை. பள்ளத்தாக்கின் உள் சாலையில், ஷட்டில் பஸ் ஓடும் மாதங்களில் தனியார் வண்டிக்கு அனுமதி கிடையாது. 2000-ம் ஆண்டு முதல் இலவச பஸ்தான். 2024-ல் இந்த பஸ்கள் முழுக்க மின்சார பஸ்களாக மாறிவிட்டன. ஊருக்குள் ஒரு பஸ், பூங்காவுக்குள் ஒரு பஸ். இரண்டுக்கும் டிக்கெட் இல்லை, முன்பதிவு இல்லை. ஓய்வுபெற்ற பஸ் டிரைவருக்கு, வேறொருவர் ஓட்ட ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதைவிட வேறென்ன வேண்டும்?

பெரியவர்களுக்கு ஏற்ற நடை, பாருஸ் பாதை. பார்வையாளர் மையத்திலிருந்தே தொடங்குகிறது. ஆற்றை ஒட்டி, தளம் போட்ட பாதை. சக்கர நாற்காலியும் போகும். பெயர் பாயூட் பழங்குடியினர் மொழிச் சொல். குமிழியிட்டுப் புரளும் தண்ணீர் என்று பொருள். பஸ்ஸின் கடைசி நிறுத்தம் 'டெம்பிள் ஆஃப் சினவாவா'. கோயில் என்று நினைத்து அம்மா பூ தேட வேண்டாம். பாயூட் மக்களின் தெய்வத்தின் பெயர் தாங்கிய பாறை அரங்கம் அது. அங்கிருந்து ஆற்றோரமாக ஒரு மைல் தளப் பாதை. அது முடியும் இடத்தில், ஆற்றுக்குள்ளேயே இறங்கி நடக்கும் புகழ்பெற்ற 'நேரோஸ்' தொடங்குகிறது.

ஏஞ்சல்ஸ் லேண்டிங் உச்சிக்கு ஏற நினைக்கும் இளசுகளுக்கு ஒரு தகவல். 2022 ஏப்ரல் 1 முதல் அதற்குக் குலுக்கல் முறையில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

150 கன அடி

மேட்டூர் அணைச் செய்திகளில் ஆயிரக்கணக்கான கன அடியைப் படித்துப் பழகியவர்களுக்கு, 150 கன அடி ஒரு கணக்கே இல்லை. ஆனால், வர்ஜின் நதியில் நொடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் நேரோஸ் பாதையை மூடிவிடுகிறார்கள். காரணம், சில இடங்களில் அங்கே ஆற்றின் அகலம் 20, 30 அடிதான். இரண்டு பக்கமும் பாறைச் சுவர். ஒதுங்க இடமே இல்லை.

ஜூலை முதல் செப்டம்பர் வரை திடீர் வெள்ளக் காலம். முகாமுக்கு மேலே வானம் நீலமாக இருக்கும். பல மைல் தள்ளி மலைமேல் கொட்டிய மழை, பாறையில் ஊறாமல் அப்படியே வழிந்து, மரக்கட்டைகளோடு ஒரு சுவர்போல இறங்கும். 2015 செப்டம்பர் 14 அன்று, பூங்காவின் கீஹோல் என்ற குறுகிய பாறைப் பிளவுக்குள் இறங்கிய ஏழு பேரும் இப்படித்தான் உயிரிழந்தார்கள். 2021 ஜூன் கடைசியில் ஸ்பிரிங்டேல் ஊருக்குள்ளேயே வெள்ளம் புகுந்து கார்களை இழுத்துப்போட்டது. 2022 ஆகஸ்ட்டில் நேரோஸில் ஒரு பெண்ணை வெள்ளம் கொண்டுபோனது.

அதனால், தினமும் காலையில் டீ குடிக்கும் முன் பார்க்க வேண்டியது, பார்வையாளர் மையத்தில் எழுதிவைக்கும் அன்றைய வெள்ள அபாய நிலை. தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், குச்சியும் இலையும் மிதந்துவந்தால், தூரத்தில் இரைச்சல் கேட்டால், செருப்பைத் தேடாமல் மேடேற வேண்டும். இதைப் பேத்திக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 2020-ல் இந்த ஆற்றில் நச்சுப் பாசி நுண்ணுயிரி இருப்பது கண்டறியப்பட்டது. வீட்டு ஃபில்டரோ, கொதிக்கவைப்பதோ அந்த நச்சைப் போக்காது. கால் நனைக்கலாம். தலை முழுகுவது, வாயில் தண்ணீர் படுவது கூடாது. 'ஆத்துத் தண்ணி, ஒரு வாய் குடிச்சா என்ன?' என்ற பழக்கத்தை அங்கே மட்டும் மறந்துவிட வேண்டும்.

காசு விஷயம்

பூங்காவுக்கு ஒரு வண்டிக்கு 35 டாலர், ஏழு நாளுக்கு. இது எல்லோருக்கும் பழகிய கணக்கு. 2026 ஜனவரி 1 முதல் புதுக் கணக்கும் சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் வசிக்காத, 16 வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொருவருக்கும் சயன் உள்ளிட்ட 11 பூங்காக்களில் 100 டாலர் கூடுதல் கட்டணம். பிரைஸ் கேன்யனும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அப்பா, அம்மா இரண்டு பேருக்கு இரண்டு பூங்காக்களிலும் சேர்த்தால் 400 டாலர்! வெளிநாட்டினருக்கான ஆண்டு பாஸ் 250 டாலர். பாஸ் வைத்திருந்தால் அந்த 100 டாலர் கிடையாது. பட்ஜெட் போடும்போதே, பூங்காவின் இணையதளத்தில் விதிகளைப் படித்து, எது லாபம் என்று கணக்குப் பார்த்துவிட வேண்டும். வாசலில் போய்த் திகைத்தால், 'எங்களால உனக்கு வீண் செலவு' என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லிவிடுவார். அந்த வார்த்தைதான் மகனுக்குச் சுடும்.

திருத்திய திட்டம்

கற்பனைக் குடும்பத்தின் புதுத் திட்டம் இப்படி மாறுகிறது. ஜூலை இல்லை, அக்டோபர். அப்பா அம்மா நவம்பரில்தான் ஊர் திரும்புகிறார்கள். பேத்திக்குப் பள்ளியில் மூன்று நாள் லீவ் எழுதிக்கொடுக்க வேண்டும், பரவாயில்லை. 30 அடி இல்லை, 25 அடி வண்டி. அதுவும் அகலத்தில் சுரங்கத்துக்குள் போகாது என்பதால், சுற்றுப்பாதையில் பிரைஸ். ஸ்பிரிங்டேலில் மின் இணைப்புள்ள இடத்தில் மூன்று இரவு. சுரங்கம் மட்டும் பார்க்க முடியாது. அதை அடுத்த முறை காரில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மகனுக்கு ஒரு குறைதான். "சுரங்கத்தை உங்களுக்குக் காட்டணும்னு நெனச்சேன்ப்பா."

"போகட்டும் விடு கண்ணு. போக முடியாத ரோட்டுல வண்டிய விடாம இருக்கிறவன்தான் டிரைவரு."

கிளம்பும் முன் ஒரு சரிபார்ப்பு

1. வண்டியின் உயரம், அகலம் (கண்ணாடியோடு), நீளம், எடை: எழுதி ஒட்டியாகிவிட்டதா?
2. முகாம் இடத்தில் அனுமதிக்கும் நீளம் எவ்வளவு? மின் இணைப்பு உண்டா?
3. சாலை எண்கள் காகிதத்தில் இருக்கின்றனவா? மண் சாலை எதுவும் இல்லையே?
4. ஒரு மணி நேர வித்தியாசத்தைச் சேர்த்து, வெளிச்சம் இருக்கும்போதே முகாமை எட்ட முடியுமா? முதல் முறை ஆர்.வி ஓட்டுபவர் இருட்டில் ரிவர்ஸ் எடுக்கக் கூடாது.
5. மாத்திரை, இன்சுலின், மருந்துச் சீட்டு கையில் இருக்கின்றனவா?
6. பூங்காக் கட்டணம், பாஸ் கணக்கு முடிந்ததா?
7. குடிக்கத் தனியாகத் தண்ணீர் கேன் ஏற்றியாகிவிட்டதா?
8. தினமும் வெள்ள அபாய நிலை பார்ப்பது யார் பொறுப்பு?

எட்டுக்கும் பதில் இருந்தால் தைரியமாகக் கிளம்பலாம். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, வண்டிக்கு வெளியே நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். சயன், 2021-ல் சர்வதேச இருள்வானப் பூங்காவாக அங்கீகாரம் பெற்ற இடம். பக்கத்தில் ஆறு ஓடும் சத்தம், தலைக்கு மேலே நிறைய நட்சத்திரம். பேத்தி எண்ண ஆரம்பித்தால், தாத்தாதான் முதலில் தூங்கிப்போவார்!